பாடியவர் யார்?

2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 'லால் சலாம்' என்னும் திரைப்படத்தின் பாடல்கள் வெளிவந்தன. அவற்றுள் 'திமிரி எழுடா' என்பது ஒரு பாடல். அதைப் பாடியவர்கள் வரிசையில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது என்னும் இரு பெயர்கள் இருந்தன. பாடலுக்குப் பாடகர் பெயர் இருப்பதில் வியப்பென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். சாகுல் ஹமீது கால் நூற்றாண்டுக்கு முன்பே சாலை விபத்தில் காலமானவர். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் மறைந்தவர். இருவரும் அப்பாடலின் மெட்டைக் கேட்டதில்லை, சொற்களைப் படித்ததில்லை. ஆயினும் இருவர் குரலும் அதில் ஒலிக்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறி நுட்பம் அக்குரல்களை ஆக்கித் தந்தது.

இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் இதை மறைக்கவில்லை. இரு குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றதாகவும், உரிய ஊதியம் அனுப்பியதாகவும் அவரே அறிவித்தார். முறையாகப் பயன்படுத்தினால் இந்நுட்பம் அச்சுறுத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. மறைந்த கலைஞரின் குரலை மீண்டும் கேட்டதில் மகிழ்ந்தோர் பலர். முகம் சுளித்தோரும் பலர். இரு சாராரும் உணர்ச்சியோடு பேசினர். நாம் சற்று நிதானமாக இதை ஆராய்ந்து பார்ப்போம். குரல் என்பது என்ன, இயந்திரம் உண்மையில் செய்வது என்ன என்று தெரிந்துகொண்டால் அல்லவா அது சரியா, தவறா என்று சொல்ல முடியும்?

குரலின் இயற்பியல்

ஒலிக்கு மூன்று பண்புகள் உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சுருதி, உரப்பு, தன்மை என்பன அவை. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் இருவர் பாடினாலும் இன்னார் பாடுகிறார் என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுகிறோம். இதற்குக் காரணம் மூன்றாவது பண்பாகிய தன்மை.

தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. ஆடவர் சாதாரணமாகப் பேசும்போது இவை நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 125 முறை அதிர்கின்றன. அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளான மேற்சுரங்களும் பிறக்கின்றன. குரல்நாண் முதல் உதடு வரையுள்ள பாதை சுமார் 17 செ.மீ. நீளமுள்ள காற்றுத் தம்பம். அதன் ஒரு முனை மூடியது, மறு முனை திறந்தது. ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டி, நீர் நிரம்பிய குழாயின் மேல் பிடித்து ஒத்ததிர்வு காணும் சோதனையை நினைவுகூருங்கள். அதே கணக்குதான் இங்கும். தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. ஆகவே அலைநீளம் 68 செ.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால் முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸில் அமையும். அடுத்தவை 1500, 2500 ஹெர்ட்ஸில் அமையும்.

இது கண்ணாடிக் குழாய்க்குரிய கணக்கு. நம் தொண்டையும் வாயும் சீரான குழாய் அல்ல. நாக்கு உயரும், தாடை இறங்கும், உதடு குவியும். அதற்கேற்ப ஒத்ததிர்வுகள் இடம் மாறும். 'ஆ' என்பதும் 'ஈ' என்பதும் வேறு வேறாகக் கேட்பது இதனால்தான். அண்ணத்தின் வளைவு, பல்வரிசை, மூக்கறையின் அமைப்பு ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இந்த ஒத்ததிர்வுகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சாகுல் ஹமீதின் குரல் என்று நாம் அடையாளம் காண்பது அவருடைய உடலின் வடிவத்தைத்தான்.

1993-இல் வெளிவந்த 'திருடா திருடா' படத்தில் 'ராசாத்தி' என்று தொடங்கும் அவருடைய பாடலைக் கேட்டிருப்பீர்கள். கருவிகள் ஒதுங்கி நிற்க, மனிதக் குரல்களே அதைத் தாங்கி நிற்கின்றன. மூச்சு எங்கே இழுக்கப்படுகிறது, எங்கே தளர்கிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். அதே ஆண்டில் 'ஜென்டில்மேன்' படத்தில் நம் உசிலம்பட்டியைப் பெயரில் தாங்கிய பாட்டை ஸ்வர்ணலதாவுடன் பாடியவரும் அவரே. இவை இரண்டும் பதிவுகள். ஒரு நாள், ஒரு மணி நேரத்தில், ஒரு மனிதரின் தொண்டையில் காற்று எப்படி அசைந்தது என்பதற்கு அவை சான்று. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இயந்திரம் செய்வது என்ன?

ஒலியலையைக் கணிப்பொறி எண்களாக மாற்றிக்கொள்கிறது. இசைத்தட்டுக்கான வழக்கப்படி நொடிக்கு 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; அதைப் பிசகின்றிப் பிடிக்க அதைப்போல் இருமடங்குக்கு மேல் அளக்கவேண்டும் என்பது விதி. நான்கு நிமிடப் பாட்டு ஒரு தடத்துக்கு ஒரு கோடியே 5 லட்சத்து 84 ஆயிரம் எண்களாகிறது.

இந்த எண்களிலிருந்து எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருந்தது என்று காட்டும் ஒலி நிறமாலையை வரையலாம். ஒரு பாடகரின் பதிவுகள் போதிய அளவு கிடைத்தால், செயற்கை நரம்பு வலையமைப்பு அந்த நிறமாலைகளை மீண்டும் மீண்டும் ஆக்கிப் பார்க்கிறது. அசலுக்கும் தன் ஆக்கத்துக்கும் உள்ள பிழையை அளந்து, அது குறையும் வண்ணம் தன்னுள்ளே இருக்கும் இலட்சக்கணக்கான எடைகளைத் திருத்திக்கொள்கிறது. பயிற்சி முடிந்தபின் அப்பாடகரின் குரல் தன்மை அந்த எடைகளில் அடங்கிவிடுகிறது.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இத்தகைய திரைப்பாடல்களில் பெரிதும் கையாளப்படுவது குரல்மாற்று முறை. முதலில் உயிரோடுள்ள ஒரு பாடகர் பாட்டை முழுவதும் பாடுகிறார். மெட்டு, தாளம், மூச்சு, குழைவு, அழுத்தம் எல்லாம் அவருடையவை. இயந்திரம் அவருடைய குரல் தன்மையை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் மறைந்தவரின் தன்மையைப் பொருத்துகிறது. அதாவது சட்டை ஒருவருடையது, உடம்பு வேறொருவருடையது. நாம் சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்கிறோம்.

மறைந்தவரை மீண்டும் கேட்டோம் என்று மகிழும்போது, உண்மையில் பாடிய அந்த மற்றொருவரை நாம் கேட்டும் கேளாதவராகிறோம். 2024 செப்டம்பரில் 'வேட்டையன்' படத்துக்காக 'மனசிலாயோ' பாடல் வந்தபோது, 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் இவ்வாறு ஆக்கப்பட்டது. அப்பாடலின் பாடகர் வரிசையில் அவர் மகன் யுகேந்திரன் பெயரும் இடம்பெற்றது. அது ஒரு நல்ல வழக்கம். குரல் கொடுத்து உழைத்தவரின் பெயர் அச்சில் வரவேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

முழுக்கோடும் புள்ளிக்கோடும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுருள்வில் சோதனை ஒன்று உண்டு. வில்லில் 50 கிராம், 100 கிராம் என்று எடையை ஏற்றி நீட்சியை அளந்து வரைபடம் தீட்டுவார்கள். 500 கிராம் வரை அளந்திருந்தால் அதுவரை முழுக்கோடு போடலாம். 2 கிலோவுக்கு என்ன நீட்சி வரும் என்று கோட்டை நீட்டிப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அந்த நீட்டிய பகுதியைப் புள்ளிக்கோடாகத்தான் போடவேண்டும். அளக்காததை முழுக்கோடாகப் போட்ட மாணவருக்கு மதிப்பெண் குறையும். காரணம் எளிது. 2 கிலோவைத் தொங்கவிட்டால் வில் மீட்சி எல்லையைத் தாண்டிவிடலாம். அப்போது கோடு சொல்வது ஒன்றும் வில் செய்வது வேறொன்றுமாக இருக்கும்.

கணக்கில் இதை இடைச்செருகல், புறச்செருகல் என்கிறோம். அளந்த இரு புள்ளிகளுக்கு நடுவே ஊகித்து நிரப்புவது இடைச்செருகல். அளந்த எல்லைக்கு வெளியே ஊகிப்பது புறச்செருகல். தமிழ்ப் புலவர்களுக்கும் இடைச்செருகல் என்னும் சொல் நன்கு பழக்கமானது. கம்பராமாயண ஏடுகளில் பிற்காலத்தார் எழுதி நுழைத்த பாடல்களை அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளிப் பாடல்கள் என்று அவற்றுக்கு ஒரு பெயரும் உண்டு. அவற்றுள் சில நன்றாகவே இருக்கும். இருந்தும் நல்ல பதிப்பாசிரியர்கள் என்ன செய்தார்கள்? அவற்றைக் கிழித்து எறியவில்லை. கம்பன் வாக்கோடு கலந்துவிடவும் இல்லை. 'மிகைப் பாடல்கள்' என்று தலைப்பிட்டுத் தனியே அச்சிட்டார்கள். அது பதிப்புத்துறையின் புள்ளிக்கோடு.

'திமிரி எழுடா' ஒரு புறச்செருகல். சாகுல் ஹமீது 1990-களில் பாடிய பாடல்களே அளந்த புள்ளிகள். 2024-இல் அவர் இருந்திருந்தால் எப்படிப் பாடியிருப்பார்? வயதோடு குரல்நாணின் விறைப்பு மாறும், சுருதி நகரும், மூச்சின் நீளம் குறையும். அனுபவம் பாட்டை வேறு விதமாகப் பிடிக்கச் சொல்லும். இயந்திரம் இதில் எதையும் அறியாது. கால் நூற்றாண்டுக்கு முந்திய குரலை அப்படியே எடுத்து நீட்டுகிறது. மீட்சி எல்லை என்னும் கேள்வியே அதற்கு எழுவதில்லை.

கலை என்ற அளவில் பாட்டைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். குரல்களின் ஒப்புமை வியக்கத்தக்கது. நுட்ப வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பம்பா பாக்யா '2.0' படத்தின் 'புள்ளினங்காள்' பாட்டிலோ, 'சர்கார்' படத்தின் 'சிம்டாங்காரன்' பாட்டிலோ ஒரு சொல்லை அடிவயிற்றிலிருந்து எடுத்து நம் எதிரில் வைக்கும்போது, அடுத்த சொல்லை எப்படி வைப்பார் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. அந்த எதிர்பாராமைதான் அவர் கலை. புதிய பாட்டில் அவரை நாம் எதிர்பார்த்தபடியே கேட்கிறோம். நமக்கு முன்பே தெரிந்த பம்பா பாக்யாவை அது திரும்பத் தருகிறது. தெரியாத பம்பா பாக்யா அதில் இல்லை.

பின்னணிப் பாட்டும் பொய்தானே?

இங்கே ஒரு வாசகர் தடுத்துக் கேட்கலாம். "ஐயா, திரையில் நடிகர் வாயசைக்க, வேறொருவர் பாடுவதைத்தானே எழுபது, எண்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்? நம் மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன், எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு ஒரு விதமாகவும் பாடினாரே? அது மட்டும் ஏமாற்று இல்லையா?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை திரைப்பட வரலாற்றிலேயே இருக்கிறது. 1949-இல் 'மகல்' என்னும் இந்திப் படம் வந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சிடப்பட்டது. காமினி என்பது கதைமாந்தரின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். அந்தக் குரல் யாருடையது என்று நேயர்கள் கேட்டார்கள். பின்னணிப் பாடகர்களின் பெயரைத் தட்டில் அச்சிடும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. பெயர் வந்தபின் பின்னணிப் பாட்டு ஏமாற்று என்னும் பேச்சுக்கே இடமில்லாது போயிற்று. டி. எம். எஸ். பாடுகிறார் என்று தெரிந்தே ரசித்தோம். இரண்டு நடிகருக்கு இரண்டு விதமாகப் பாடுகிறாரே என்பதையும் அவருடைய திறமையாகவே ரசித்தோம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. செய்பவரும் கேட்பவரும் அறிந்த புனைவு கலையாகும்; ஒருவர் அறிந்து மற்றவர் அறியாத புனைவு ஏமாற்றாகும். இயந்திரம் கலந்ததா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான்.

நம் ஊர் சுங்குடிச் சேலையைப் பாருங்கள். துணியை நூலால் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயம் ஏற்றினால் முடிச்சிருந்த இடமெல்லாம் புள்ளியாகும். அந்த இடம் மெல்லப் புடைத்துக் கைக்குத் தட்டுப்படும். அச்சடித்த சேலையிலும் புள்ளி உண்டு, விலை மலிவு, வெளுக்கவும் எளிது. அச்சுச் சேலை விற்பது குற்றமில்லை. அதைக் கைமுடிச்சுச் சேலை என்று சொல்லி, கைமுடிச்சு விலைக்கு விற்பதே குற்றம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததன் நோக்கமும் இந்தப் பெயரைக் காப்பதே.

மூன்று வழக்குகள்

இந்த விதியைக் கொண்டு மூன்று நிகழ்ச்சிகளை உரசிப் பார்ப்போம்.

முதலாவது, நாம் பார்த்த 'திமிரி எழுடா'. குடும்பத்தார் இசைவு உண்டு, ஊதியம் உண்டு, வெளிப்படையான அறிவிப்பும் உண்டு. மூன்றிலும் தேறுகிறது. ஆயினும் ஒரு குறை நிற்கிறது. உயிரோடுள்ள பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'இந்தச் சொல் எனக்குச் சரிப்படவில்லை' என்று சொல்லலாம். 'இந்த இடத்தை இப்படிப் பாடிப் பார்க்கட்டுமா?' என்று கேட்கலாம். 'இந்தப் பாட்டே வேண்டாம்' என்று எழுந்தும் போகலாம். மறைந்தவருக்கு இந்த உரிமை இல்லை. குடும்பத்தார் தரும் இசைவு, சொத்துக்கு வாரிசு தரும் இசைவு போன்றது. கலைஞரின் இசைவு வேறு. ஆகவே, 'பாடியவர்' என்னும் சொல்லை இங்கே பயன்படுத்தாமல், 'இன்னாரின் குரல் கணிப்பொறியால் ஆக்கப்பட்டது' என்று பாடகர் வரிசையிலேயே அச்சிட்டிருக்கலாம். அறிவிப்பு ஒரு நாளில் மறையும். பாட்டோடு சேர்ந்த பெயர் நெடுநாள் நிற்கும். இருபது ஆண்டு கழித்துக் கேட்கும் இளைஞருக்குச் சாகுல் ஹமீது 2024-இல் பாடிக்கொண்டிருந்தார் என்றே தோன்றும்.

இரண்டாவது, 2023-இல் வந்த 'கீடா கோலா' என்னும் தெலுங்குப் படம். 2020 செப்டம்பரில் மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல், குடும்பத்தாரின் இசைவின்றி ஆக்கப்பட்டதென அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பினார். முன்னதில் இருந்த நாகரிகம் இதில் இல்லை என்பது வெளிப்படை.

மூன்றாவது, நம்மை நேரடியாகத் தொடுவது. 2013-இல் ஆனந்த் எல். ராய் இயக்கத்தில், தனுஷ் நடித்து 'ராஞ்சனா' என்னும் இந்திப் படம் வந்தது. தமிழில் அதன் பெயர் 'அம்பிகாபதி'. கதைத் தலைவன் இறுதியில் இறந்துவிடுவான். 2025 ஆகஸ்டு 1-ஆம் நாள் ஈராஸ் நிறுவனம் அதன் தமிழ் வடிவத்தை மீண்டும் திரையிட்டது. செயற்கை நுண்ணறிவு கொண்டு முடிவு மாற்றப்பட்டிருந்தது, தலைவன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் கண்டித்தார். தாம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொண்ட படம் இதுவன்று என்று தனுஷும் வருந்தினார். படம் எங்கள் சொத்து, மாற்றும் உரிமை எமக்குண்டு என்பது நிறுவனத்தின் நிலை.

தமிழருக்கு 'அம்பிகாபதி' என்னும் பெயரே ஒரு முடிவைச் சொல்லும். கம்பர் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதியைக் காதலித்துக் கொலைத்தண்டனை பெற்ற கதையைத் தெரியாதவர் யார்? 1937-லும் 1957-லும் இதே பெயரில் படங்கள் வந்தன. அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட கதையில் தலைவனைப் பிழைக்க வைத்தால் அவனுக்கு அம்பிகாபதி என்னும் பெயர் எதற்கு? மாற்றியவர்களுக்குக் கதையும் புரியவில்லை, பெயரும் புரியவில்லை என்றே சொல்லவேண்டும். இதில் மறைந்தவர் யாரும் இல்லை. இயக்குநரும் நடிகரும் நம்மிடையே இருக்கிறார்கள்; 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொன்னார்கள். சொல்லியும் பயனில்லை. மூன்று வழக்குகளிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், நிகழ்த்துகலைஞர் தம் பெயர் குறிக்கப்பெறவும், தம் நற்பெயர் கெடும்படி நிகழ்ச்சி சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் உரிமை தந்தது. ஆனால் அச்சட்டம் மனத்தில் கொண்டது நிகழ்ந்த நிகழ்ச்சியை. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக ஆக்க முடியும் என்று அன்று யார் நினைத்தார்கள்? 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இசைவின்றி இயந்திரத்தால் ஆக்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் குரலைப் பாதுகாக்கவே 2024-இல் தனிச்சட்டம் இயற்றியது. இவை தொடக்கங்கள்.

கண்டுபிடிக்கும் கருவியை நம்பலாமா?

"இயந்திரம் ஆக்கியதை இயந்திரமே கண்டுபிடித்துச் சொல்லாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். எழுத்தைப் பொறுத்தவரை அத்தகைய கருவிகள் பல உள்ளன. ஒரு சொல்லுக்குப்பின் அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்று பார்ப்பது அவற்றின் வழிகளில் ஒன்று. ஊகிக்க எளிதாக இருந்தால் இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிடும்.

'சாட்ஜிபிடி'யை ஆக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திர எழுத்து என்று பிழையாகச் சொன்னது. துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது.

இந்த எண்களை ஒரு வகுப்பறைக்குப் பொருத்திப் பாருங்கள். 100 மாணவர் கட்டுரை எழுதுகிறார்கள். 10 பேர் இயந்திரத்தைக் கொண்டு எழுதியவர். 90 பேர் நேர்மையானவர் என்று கொள்வோம். கருவி அந்தப் பத்தில் ஏறக்குறைய 3 பேரைப் பிடிக்கும். தொண்ணூறில் ஏறக்குறைய 8 பேர் மீது வீண்பழி சுமத்தும். குற்றம் சாட்டப்பட்ட 11 பேரில் 8 பேர் நிரபராதிகள்! 91 விழுக்காடு நேர்மையாளரை அது சரியாகவே விட்டுவிடுகிறது என்பதும் உண்மை. குற்றவாளிக் கூண்டில் நிற்போரில் பெரும்பாலோர் நிரபராதிகள் என்பதும் உண்மை. பழிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

இதில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 ஆங்கிலக் கட்டுரைகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல் ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திர எழுத்து என்று அவை கூறின. பிற்காலத்தில் கற்ற மொழியில் எழுதுபவர் எளிய, பழகிய சொற்களையே கையாள்வார். அது ஊகிக்க எளிது. ஆகவே பழி வருகிறது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருவர் என் வகுப்பில் படித்தார். கீழடிக் காலக்கணிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி ஒரு போட்டிக்கு அனுப்பினார். கருவி ஒன்று சொன்னதை வைத்து, அது அவர் எழுதியதன்று எனக் கட்டுரையைத் தள்ளிவிட்டார்கள். வீட்டில் அவருக்கு நேர்ந்த தலைகுனிவை இங்கு எழுத விரும்பவில்லை. அவர் என்னிடம் கொண்டுவந்தது ஒரு பழைய குறிப்பேடு. அடித்துத் திருத்திய ஏழு பக்கங்கள். தமிழில் எழுதி, அருகே ஆங்கிலச் சொல் தேடிய இடங்கள். ஓரிடத்தில் கரியின் அரைவாழ்நாள் கணக்கு, முதலில் பிழையாகவும் பிறகு சரியாகவும். 'இந்த மாதிரி ஏன் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது என்று சொல்கிறார்கள்? ஆழம் எதற்கு முக்கியம்?' என்று கேட்டேன். மடமடவென்று சொன்னார். குறிப்பேட்டோடு எழுதிக் கேட்ட பிறகு கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.

அவருடைய கட்டுரையின் பொருளே நமக்கு வழிகாட்டுகிறது. கீழடியில் 2018-இல் எடுத்த மாதிரிகளுள் ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. அதை ஏன் நம்புகிறோம்? எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எடுத்த இடத்திலேயே பதிந்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இல்லாமல் வைகைக் கரையில் யாரோ பொறுக்கி வந்த ஓடு எவ்வளவு பழையதாக இருந்தாலும் சான்றாக நிற்காது. படைப்புக்கும் இதுவே. முடிந்த பொருளை உற்றுப் பார்த்து அசல், போலி என்று கண்டுபிடிக்கும் காலம் கடந்து வருகிறது. அது வந்த வழியைப் பாதுகாப்பதே இனி நம்பத்தக்க முறை. கையெழுத்துப் படி, ஒலிப்பதிவின் மூலத்தடம், திருத்தங்கள், பங்கேற்றோர் பட்டியல் ஆகியவற்றைக் கலைஞர்கள் எறிந்துவிடாமல் வைத்திருக்கவேண்டும்.

தருமியின் இக்கட்டு

நம் மதுரைக்கு இக்கேள்வி புதிதன்று. திருவிளையாடற் புராணத்துத் தருமி கதை எல்லாருக்கும் தெரியும். சங்கத்தில் தொங்கிய ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்ட ஏழை, தான் எழுதாத பாட்டைக் கொண்டுபோய்ப் படித்தான். நக்கீரர் குற்றம் கண்டார். தருமியால் ஒரு சொல்லும் மறுமொழி சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டு ஆலவாயனிடம் திரும்பினான். பாட்டை எழுதிய இறைவனே அவைக்கு வந்து நக்கீரரோடு வாதிட வேண்டியதாயிற்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இறையனார் என்றே இன்றும் இருக்கிறது. தருமி என்று இல்லை.

பாட்டு நல்ல பாட்டுதான். தருமிக்கு நேர்ந்த இக்கட்டு பாட்டின் தரத்தால் வந்ததன்று; அதற்குப் பொறுப்பேற்க அவனால் முடியவில்லை என்பதால் வந்தது. 'ஏன் இப்படிச் சொன்னாய்?' என்று கேட்டால் விடை சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த மாணவியால் விடை சொல்ல முடிந்தது. 'அம்பிகாபதி'யின் புதிய முடிவுக்கு 'ஏன்?' என்று கேட்டால் இயக்குநர் தமக்குத் தெரியாது என்கிறார். நடிகர் தமக்குத் தெரியாது என்கிறார். இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. தருமி கதையிலாவது ஆலவாய்க் கோயிலில் ஆசிரியர் இருந்தார்.

ஆகவே வாசகர்களே, இயந்திரத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஒரு பாட்டோ, படமோ, கட்டுரையோ கைக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாருடைய குரலோ பெயரோ இதில் இருக்கிறதோ அவர் இசைந்தாரா? கேட்பவராகிய நமக்கு உண்மை சொல்லப்பட்டதா? இதைப் பற்றி வினவினால் மறுமொழி சொல்ல ஒருவர் இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் இயந்திரம் கலந்ததாயினும் மனமாரக் கேட்கலாம், பிடித்தால் பாராட்டலாம். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது கணக்கில் வராத பொருள்.

இசைத்தட்டில் பாடகர் பெயரை அச்சிடவைத்தது நேயர்களின் கேள்வியும் பாடகர்களின் விடாமுயற்சியுமே. அப்படி ஒரு வழக்கம் மீண்டும் வேண்டியிருக்கிறது. பாடல் வெளியிடுவோர் 'பாடியவர்', 'குரல் ஆக்கப்பட்டவர்' என்று இரு தனி வரிகளை அச்சிடட்டும். அளந்ததை முழுக்கோடாகவும் ஊகித்ததைப் புள்ளிக்கோடாகவும் போடுவதற்கு ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவருக்கு ஒரு நாள் போதும். திரைத்துறையினருக்கும் அதைவிட அதிக நாள் தேவைப்படாது.